இந்தியாவில் மாதிரிக் கார் கட்டுதலும் அதன் கடைவீதியும்

மாதிரிக் கார் கட்டுதல் என்பது ஓர் உண்மையான காரை ஒரே விகிதத்தில் சிறிதாக்கி, அதன் பாகங்களைத் தனித்தனியே சீர்செய்து, ஒட்டி, வண்ணம் பூசி முழு உருவமாக்கும் பொழுதுபோக்கு ஆகும். பாகங்கள் அனைத்தும் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு ஒரு பெட்டியில் விற்கப்பட்டால் அதற்குக் 'கிட்' என்று பெயர். கடையில் கிட் வாங்காமல் தகடு, அட்டை, மரம், பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றிலிருந்து எல்லாவற்றையும் தாமே வெட்டிச் செய்வோரும் உண்டு. வார்ப்பு உலோகத்தில் முழுதாகச் செய்து விற்கப்படும் 'டை-காஸ்ட்' வண்டிகள் இவற்றுக்கு நெருங்கிய உறவு. ஆனால் அவற்றை வாங்கலாம், சேர்க்கலாம், கட்ட முடியாது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளில் கார் கிட் ஒரு பெரிய வணிகமாக வளர்ந்தது. கார் மீது ஆசை குறையாத இந்தியாவில் அது கடைவீதிக்கு வரவே இல்லை என்று சொல்லிவிடலாம். இந்தியர்களுக்குப் பொறுமை இல்லை, கைத்திறன் இல்லை என்று சிலர் காரணம் சொல்வதுண்டு. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றை ஒரு மணி நேரம் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். காரணங்கள் கார்ச் சந்தையிலும் இறக்குமதி விதிகளிலும் இருக்கின்றன.

பழைய சிறுதேர்

சிறிய வண்டி மீதான ஆசை தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமல் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசியானது சிறுதேர்ப் பருவம். கொங்குப் பகுதியில் இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளி ஓட்டிய நுங்கு வண்டியை இன்று அறுபதைக் கடந்தவர்கள் எல்லோரும் அறிவர். நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே அமைக்கும் பூங்காவிலும் சாலையிலும் சிறு கார்களும் பேருந்துகளும் நிற்கும். ஆனால் இவை எவற்றிலும் அளவு விகிதம் கிடையாது. விகிதம் வந்த பிறகே பொம்மை 'மாதிரி' ஆகிறது.

விகிதக் கணக்கு

1/24 என்றால் உண்மையான காரின் 24 அலகு நீளம் மாதிரியில் 1 அலகு. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஓர் அடிக்கு 12 அங்குலம். ஓர் அடியை அரை அங்குலமாகக் குறைத்தால் 1/24 கிடைக்கும். அமெரிக்கக் கிட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் 1/25, டெட்ராய்ட் கார் நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்ட விளம்பர மாதிரிகளின் வழியாக வந்தது. 1/43 ரயில் மாதிரியிலிருந்து பிறந்தது: 'ஓ' அளவு ரயிலில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். 304.8ஐ 7ஆல் வகுத்தால் 43.5 வரும். ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்துவதற்காகச் செய்த கார்கள், பிறகு ரயிலை விட்டுவிட்டுத் தனியே ஓடத் தொடங்கின.

நமக்குத் தெரிந்த வண்டியை வைத்துப் பார்க்கலாம். அம்பாசடர் காரின் நீளம் ஏறத்தாழ 4,325 மில்லிமீட்டர். அது 1/18இல் 24 சென்டிமீட்டர், 1/24இல் 18, 1/43இல் 10, 1/64இல் 7க்குச் சற்றுக் குறைவு. கடையில் தொங்கும் சின்னக் கார்கள் பெரும்பாலும் இந்த 1/64 அளவைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றில் பல அட்டைப்பெட்டிக்குள் அடங்குவதற்காகக் கூட்டிக் குறைக்கப்பட்டவை. ஒரே அட்டையளவில் லாரியும் வரும், காரும் வரும். இரண்டையும் அருகருகே வைத்தால் லாரி காரைவிடச் சிறியதாக இருக்கும். அளவுகோல் வைத்திருக்கும் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி இது.

விற்பனையாளரின் பையிலிருந்து வந்த கிட்

கார் கிட்டின் பிறப்பு விளையாட்டு அறையில் நிகழவில்லை. வாகன விற்பனைதான் அதைப் பெற்றது.

பிரிட்டனில் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் 1939இல் தொடங்கிய ஏர்பிக்ஸ் நிறுவனம் முதலில் ரப்பர் பொம்மைகளும் சீப்புகளும் செய்தது. 1949இல் பெர்குசன் டிராக்டர் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வாடிக்கையாளரிடம் காட்டுவதற்காக ஒரு பிளாஸ்டிக் டிராக்டர் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் அதையே பாகங்களாகப் பிரித்துக் கிட்டாக விற்றது. 1952இல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற கப்பல் மாதிரியை அட்டைப்பெட்டிகூட இல்லாமல் பையில் போட்டு, வூல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றபோதுதான் இந்த வணிகம் சூடுபிடித்தது. சிறுவனின் கைச்செலவுக் காசில் வாங்கக்கூடிய விலை. ஊர்தோறும் இருந்த சாதாரணக் கடை. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கிட் வளர்ந்தது. பின்னால் வரும் இந்தியக் கதைக்கு இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவிலும் அதே வழி. மிச்சிகனில் 1948இல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம், புதிய கார் விற்கும் முகவர்களுக்கு அந்த ஆண்டின் காரைச் சிறிதாக்கிக் கொடுத்துவந்தது. கார் வாங்க வந்தவரின் பிள்ளை கையில் முகவர் அதைக் கொடுப்பார். 1958இல் அதே அச்சுகளைப் பயன்படுத்தி, கட்டுவதற்கான கிட்டுகளை அந்த நிறுவனம் வெளியிட்டது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம்: தொழிற்சாலையில் வந்தபடி, விருப்பப்படி மாற்றியமைத்து, அல்லது பந்தயக் காராக. அமெரிக்க நிறுவனங்கள் ஆண்டுதோறும் காரின் முகத்தையும் வாலையும் மாற்றியதால், ஆண்டுதோறும் புதிய கிட் தேவைப்பட்டது. ரெவெல், மோனோகிராம், எம்.பி.சி., ஜோ-ஹான் என்று போட்டி நிறுவனங்கள் பெருகின. 1960கள் அந்நாட்டில் கார் கிட்டின் பொற்காலம்.

ஜப்பானின் வழி வேறு. ஷிஜுவோகா நகரில் 1946இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கிய தமியா நிறுவனம் மர மாதிரிகளிலிருந்து 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1967இல் ஹோண்டாவின் பார்முலா 1 பந்தயக் காரை 1/12 அளவில் வெளியிட்டது. 1970களின் நடுவில் போர்ஷே 934 காரை மாதிரியாக்க முனைந்தபோது, நிறுவனத்தினர் உண்மையான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி அளந்த கதை இத்துறையில் எல்லோரும் சொல்வது. அந்தக் கிட்டின் செலவை மீட்பதற்காக அதே உடலுக்குள் மோட்டார் வைத்து 1976இல் வானொலிக் கட்டுப்பாட்டுக் காராகவும் விற்றனர். அது இன்னொரு பெரிய சந்தைக்கு வாசலாயிற்று. ஹசெகாவா, ஆவோஷிமா, புஜிமி ஆகிய நிறுவனங்களும் ஷிஜுவோகா பகுதியைச் சேர்ந்தவையே.

மேலைநாடுகளில் 1970களிலேயே சரிவு தொடங்கிவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியது. பின்னர் தொலைக்காட்சி விளையாட்டு வந்தது. டிங்கி பொம்மைகள் செய்த லிவர்பூல் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. ஏர்பிக்ஸ் 1981இல் திவாலாகிக் கைமாறியது; 2006 முதல் ஹார்ன்பி நிறுவனத்திடம் இருக்கிறது. ரெவெலின் அமெரிக்க உரிமையாளரான ஹாபிகோ 2018இல் திவாலானது. நிறுவனங்கள் மறைந்தாலும் எஃகு அச்சுகள் மறையவில்லை. அச்சு செய்வதற்கே பெரும் பணம் செலவாகும். செய்துவிட்டால் பல்லாண்டுகள் ஓடும். 1960களில் வெட்டிய அச்சிலிருந்து வார்த்த கிட்டை இன்றும் புதுப் பெட்டியில் வாங்க முடிகிறது. அன்று அதைக் கட்டிய சிறுவர்களே இன்று முதியவர்களாகி அதை மீண்டும் வாங்குகிறார்கள்.

மாறாத காருக்குக் கிட் எதற்கு?

இப்போது இந்தியாவைப் பார்க்கலாம். மேலே சொன்னவற்றில் கிட் தொழிலுக்கு வேண்டிய மூன்று காரணிகள் தெரிகின்றன: ஆண்டுதோறும் மாறும் கார்கள், அவற்றை விற்கப் போட்டியிடும் முகவர்கள், சிறுவன் காசுக்குக் கிடைக்கும் கடை. 1990கள் வரை இந்தியாவில் மூன்றும் இல்லை.

அம்பாசடர் 1950களின் கடைசியில் வந்து 2014 வரை உற்பத்தியில் இருந்தது. அதன் அடிப்படை உருவம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. முன்பக்கக் கிரில்லும் விளக்குகளும் மாறியதைத் தவிர அரை நூற்றாண்டுக்கு உருவம் மாறவில்லை. பியட் 1100 காரிலிருந்து வந்த பிரீமியர் பத்மினியும் அப்படியே. இவற்றை வாங்கப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்கும் வாடிக்கையாளரின் பிள்ளைக்கு மாதிரிக் கார் கொடுத்து மயக்க வேண்டிய அவசியம் எந்த முகவருக்கும் இல்லை. ஆகவே விளம்பர மாதிரி பிறக்கவில்லை. அது பிறக்காததால் அதன் குட்டியான கிட்டும் பிறக்கவில்லை. உலகின் பெரிய கிட் நிறுவனங்களின் பட்டியலிலும் அம்பாசடருக்கு இடம் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கார் ஒன்றுக்கு மட்டும், தற்செயலாக, ஒரு கிட் இருக்கிறது. சென்னை வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரைத் தயாரித்தது. அது பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு. டிங்கி அதை உலோகத்தில் செய்தது. ஏர்பிக்ஸ் 1/32 அளவில் அதன் கிட்டை வெளியிட்டது. அந்தக் கிட்டைக் கட்டி இடதுபுறம் சாலையில் நிறுத்தினால் அது மவுண்ட் ரோட்டுக் காராகவே தோன்றும். ஒரே சிக்கல் கதவு. கிட்டில் இருப்பது இரண்டு கதவு. வண்டலூர் ஹெரால்டு 1960களின் பிற்பாதியில் நான்கு கதவாக மாறியது. அந்த நான்கு கதவு உருவம் இந்தியாவுக்கே உரியது. அதை வேண்டுபவர் பழைய கதவுக் கோட்டைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஊசியால் புதுக் கோடு கீறிக்கொள்ள வேண்டும்.

கொல்கத்தாவின் வார்ப்புகள்

1956–57 அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு, பொம்மை போன்ற நுகர்பொருள்களை இறக்குமதி செய்வது பெரும்பாலும் நின்றுபோனது. அந்த வெற்றிடத்தில்தான் கொல்கத்தாவின் நிக்கி டாய்ஸ் வந்தது. பிரிட்டனில் ஓய்வுபெற்ற டிங்கி அச்சுகளை வாங்கிவந்து 1960களின் இறுதியிலிருந்து இங்கேயே வார்த்து விற்றது. சில வண்டிகளின் அடித்தட்டில் டிங்கி என்ற பெயரை அழித்து நிக்கி என்று பொறித்திருப்பார்கள். அச்சு தேய்ந்திருந்ததால் விளிம்புகள் மழுங்கியிருக்கும். வண்ணமும் சற்றுத் தடிமனாக இருக்கும். அன்று குறையாகத் தெரிந்த இவையே இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடும் அடையாளங்கள். கார்கி, மேட்ச்பாக்ஸ் வண்டிகளைத் தழுவி மில்டன், மேக்ஸ்வெல் ஆகிய பெயர்களிலும் கொல்கத்தாவிலிருந்து உலோகக் கார்கள் வந்தன. 1980களின் பிற்பாதியில் லியோ மேட்டல் என்ற பெயரில் ஹாட் வீல்ஸ் இந்தியாவில் தயாராயிற்று. அமெரிக்காவில் வராத நிறங்களில் வந்ததால் அவற்றுக்கும் இன்று தனி மதிப்பு.

கட்டும் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இவற்றால் பயனில்லை. அவனுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் முடுக்கும் 'மெக்கானிக்ஸ்' பெட்டி. பிரிட்டனில் பிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற மெக்கானோவின் வழிவந்தது அது. எலும்புக்கூடு போன்ற வண்டிதான் கிடைக்கும்; ஆனால் அச்சு, பல்சக்கரம், திருப்பும் முறை ஆகியவை கைக்குப் புரியும். மற்றொன்று விமான மாதிரி. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டுவது பயிற்சியின் பகுதியாக இருந்ததால், பால்சா மரக் கிட்டுகளுக்கு நிலையான தேவை இருந்தது. கொல்கத்தா ரஸ்ஸல் தெருவின் இந்தியாஸ் ஹாபி சென்டர் அத்தகைய கிட்டுகளையும் சிறு இயந்திரங்களையும் செய்து விற்றது. ஓர் அரசுத் திட்டம் வாங்குபவராக நின்றதால் விமானக் கிட் இந்தியாவிலேயே தயாரானது. காருக்கு அப்படி யாரும் நிற்கவில்லை.

வெளிநாட்டுக் கிட் வேண்டுமென்றால் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ உறவினர் இருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்துவிட்டுப் பாகங்களை மட்டும் துணிக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவருவார்கள். விளக்கத் தாள் தொலைந்துபோனால் கதை முடிந்தது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் சென்னைக் கடற்கரைச் சாலையில் அமைந்த பர்மா பஜாரில் வெளிநாட்டுச் சாமான்கள் கிடைத்தன. அவற்றில் பொம்மைக் கார்களும் இருந்தன.

கடை திறந்தது, பிறகு கதவு சாத்தியது

1991 பொருளாதாரச் சீர்திருத்தம் நுகர்பொருள் இறக்குமதியை உடனே திறக்கவில்லை. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்றதையடுத்து, எஞ்சிய அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1 அன்று நீங்கின. அதன்பின் பெருநகரங்களில் தமியா, ரெவெல், ஏர்பிக்ஸ் பெட்டிகளை அடுக்கிய பொழுதுபோக்குக் கடைகள் தோன்றின. இணைய வணிகம் வந்ததும் பரமத்தி வேலூர் போன்ற ஊரிலிருந்தும் வாங்க முடிந்தது. முதன்முறையாக ஓர் இந்திய மாணவன் சட்டத்தோடு ஒட்டிய பாகங்களைத் தானே வெட்டியெடுத்துக் கட்டும் வாய்ப்பு பரவலானது.

கட்டத் தொடங்கியவர்களுக்கு அடுத்த சிக்கல் பசையும் வண்ணமும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை, உண்மையில் அதை இலேசாகக் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். எனாமல் வண்ணமும் எளிதில் தீப்பற்றும். இரண்டையும் விமானத் தபாலில் அனுப்ப முடியாது. கிட் வரும், ஒட்டுவதற்கு ஒன்றும் வராது. ஆகவே இங்குள்ளவர்கள் தெருவிலேயே மாற்று கண்டுபிடித்தார்கள். ஒட்ட பெவிக்விக்; இடுக்கு அடைக்க எம்-சீல்; வண்ணத்துக்குத் துணி ஓவியத்துக்கான பெவிக்ரில்; பளபளப்புக்கு, காரில் கீறல் மறைக்க விற்கும் ஸ்பிரே டப்பா. பெவிக்விக்கை மிகுதியாக விட்டால் கண்ணாடிப் பாகம் வெண்மை படிந்துவிடும். அதனால் கண்ணாடிக்கு மட்டும் வெள்ளைப் பெவிகால், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

பொம்மை இறக்குமதி மீதான கெடுபிடி 2009 ஜனவரியில் தொடங்கியது; சீனப் பொம்மைகள் ஆறு மாதத்துக்குத் தடைசெய்யப்பட்டன. 2020 நிதிநிலை அறிக்கையில் பொம்மை மீதான சுங்கவரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 100 ரூபாய்ப் பொருளுக்குச் சுங்கம் மட்டும் 70 ரூபாய். கப்பல் செலவும் சரக்கு-சேவை வரியும் தனி. 2021 ஜனவரி 1 முதல், பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணையின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது. வெளிநாட்டுத் தொழிற்சாலை முத்திரை பெற வேண்டுமானால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் உரிமம் பெற்று ஆய்வுக்கு உட்பட வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு பெட்டி மட்டுமே இங்கு விற்கும் ஒரு ஜப்பானிய நிறுவனம் அந்தச் செலவை ஏற்பது கடினம்.

ஈயம் கலந்த வண்ணமும் உடைந்தால் தொண்டையில் சிக்கும் பாகமும் உள்ள மலிவுப் பொம்மைகளைத் தடுத்தது சரியே. ஆனால் 200 பாகம் கொண்ட ஒரு பந்தயக் காரை 45 வயதுக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து கட்டுகிறார் என்றால், அது எந்தக் குழந்தையின் பொம்மை? முடிந்த பொருள் விளையாடுவதற்காக அல்லாத மாதிரிக் கிட்டுகளைப் பன்னாட்டுப் பொம்மைப் பாதுகாப்புத் தரநூல் தன் வரம்பிலிருந்து விலக்குகிறது. சுங்கத் தலைப்பு 9503 மட்டும் பொம்மையையும் அளவு குறைத்த மாதிரியையும் ஒரே கூடையில் வைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் கிட் சிக்கிக்கொண்டது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலை வளர்ப்பது வரியின் நோக்கம். அப்படி வளரும் தொழிலில் கார் கிட் அச்சு வெட்டும் நிறுவனம் ஒன்றுகூட முன்னுக்கு வராதவரை, இந்த வரி கட்டுபவர்களைத் தண்டிப்பதாகவே இருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கடைகளில் இன்று எளிதில் கிடைப்பவை வேறு. சென்டி டாய்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் அம்பாசடர், ஆட்டோ, லாரி ஆகியவை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பின்னால் இழுத்து விட்டால் ஓடுகிற பொம்மைகள்தாம்; ஆனாலும் வேறு யாரும் செய்யாத இந்திய வண்டிகளை அவர்கள் செய்தார்கள். திருகைக் கழற்றி, பழைய வண்ணத்தைத் தேய்த்து எடுத்து, மஞ்சள் கூரை டாக்சியாகவோ சிவப்பு விளக்கு அரசுக் காராகவோ மாற்றுவது பலருக்கு இப்பொழுதுபோக்கின் முதல் பாடம். கூடவே ஹாட் வீல்ஸ் மோகம் பெருகியுள்ளது. அரிய வண்டிகளை அட்டையோடு அள்ளிக்கொண்டு கூடுதல் விலைக்கு விற்போர் வந்துவிட்டதால், பிள்ளைக்கு ஒன்று வாங்கப் போன பெற்றோர் வெறும் கொக்கியைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

தகடு வெட்டிக் கட்டுவோர்

கிட் கிடைக்காத நாட்டில் கட்டுவோர் நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பேருந்து, லாரி மாதிரிகளைத் தாமே செய்யும் இளைஞர்கள் கடந்த சில ஆண்டுகளில் பெருகியுள்ளனர். அவர்களின் மூலப்பொருள் விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சும் பி.வி.சி. போம் தாள். 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் தடிமன்களில் கிடைக்கும், கத்தியால் வெட்டலாம், சுடுகாற்று பட்டால் வளையும், பெவிக்விக் உடனே பிடிக்கும். கண்ணாடிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தாள், விளக்குக்குச் சிறு எல்.இ.டி., ஊர்ப்பலகைக்கும் எழுத்துக்கும் அதே விளம்பரக் கடையின் ஸ்டிக்கர்.

கிட் கட்டுபவருக்கு அளவை யோசிக்க வேண்டியதில்லை; நிறுவனம் யோசித்துவிட்டது. தகடு வெட்டுபவர் உண்மை வண்டியை அளந்தாக வேண்டும். பெயருக்குப் பின்னால் 42 என்ற எண் வரும் டாடா லாரிச் சேசிஸில் முன், பின் அச்சுகளுக்கு இடையே ஏறத்தாழ 4.2 மீட்டர். 1/24இல் அது 17.5 சென்டிமீட்டர். அந்த ஓர் எண் உறுதியானால், நேர்ப் பக்கவாட்டில் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு மற்ற நீளங்களை விகிதத்தால் கண்டுபிடிக்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். பள்ளிகளில் கைத்தொழில் பாடவேளை பெயரளவுக்குச் சுருங்கிய பிறகு, விகிதம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை வகுப்பறையில் எளிதில் கிடைப்பதில்லை.

பழைய கார்களைக் கட்ட விரும்புவோர் கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். புகைப்படத்தில் தெரியாத வளைவுகளை அங்கே சுற்றிவந்து பார்க்கலாம்.

நாமக்கல் பாடியும் அதன் மாதிரியும்

காவிரிக் கரையில், நாமக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பரமத்தி வேலூர் இருக்கிறது. வடக்கே நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள்; தெற்கே கரூரில் பேருந்துக்கு; திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸ், முன்முகம் மட்டும் வைத்து, கேபின் இல்லாமல் தலைக்கவசம் அணிந்த ஓட்டுநரோடு நெடுஞ்சாலையில் வரும் காட்சி இப்பகுதி மக்களுக்குப் பழக்கமானது. சில வாரங்களில் அதே வண்டி மரமும் இரும்பும் சேர்ந்த கேபினோடு, நெற்றியில் குலதெய்வப் பெயரோடு, பக்கப் பலகையில் ஓவியத்தோடு வெளியே போகும். உண்மையில் இதுவே 1/1 அளவில் கிட் கட்டுதல்: நிறுவனம் அடிச்சட்டம் தருகிறது, மீதியைப் பட்டறை கட்டுகிறது. போம் தாளில் கட்டும் இளைஞர்கள் பின்பற்றுவதும் இதே வரிசைதான். முதலில் சேசிஸ், அதன்மேல் கேபின் சட்டம், பிறகு தொட்டி, கடைசியில் வண்ணமும் எழுத்தும்.

இந்தக் கேபின் வடிவம் இப்போது மறைந்துவருகிறது. நிறுவனங்களே முழுக் கேபினோடு லாரிகளைத் தருவது கூடிவிட்டது. பேருந்து உடலுக்கு ஏ.ஐ.எஸ். 052, லாரி உடலுக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற கட்டுமான விதிகள் வந்தன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். ஓட்டுநர்கள் நாள் முழுதும் இயந்திரச் சூட்டில் வெந்துகொண்டு ஓட்டிய நிலைக்கு இது வரவேற்கத்தக்க முடிவு. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆயினும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டிய குளிர்சாதனக் கேபினுக்குப் பழைய மரச்சட்டக் கட்டுமானம் ஒத்துவராது. நெற்றிப் பலகை, கேபின் மேல் சாமான் கூடு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கைப் பலகை ஆகியவை பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டன. இவற்றுக்கு எந்த நிறுவனத்திடமும் வரைபடம் இல்லை. மேஸ்திரியின் கையளவே வரைபடம்.

அவ்வாறான லாரியை மாதிரியாக்க விரும்பும் மாணவர்கள், வண்டி பட்டறையிலோ லாரிப்பேட்டையிலோ நிற்கும்போது உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு இந்த அளவுகளை எடுத்துக்கொள்ளலாம்: அச்சுகளுக்கு இடையிலான தூரம், டயரின் விட்டம், தரையிலிருந்து கேபின் கூரை வரை உயரம், முன்கண்ணாடியின் அகலமும் உயரமும், நெற்றிப் பலகையின் சாய்வு, தொட்டியின் நீளம், அகலம், பலகை உயரம், பலகைகளைத் தாங்கும் கம்பங்களின் எண்ணிக்கை. ஒரு பக்கவாட்டுப் படம், ஒரு முன்படம், ஒரு பின்படம் போதும். படம் எடுக்கையில் மீட்டர் அளவுள்ள கம்பு ஒன்றை வண்டியின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டால், பின்னால் கணக்குப் போட எளிது. கம்பு இல்லாவிட்டால் கிளீனரை நிற்கச் சொல்லி அவர் உயரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டாலும் சரிதான்.